அன்னக்கொடியை அழைத்துப் போனவர்கள்

12 ஜூன் 2025

இன்று அன்னக்கொடிக்கு வாடகை அறை பார்க்கப் போனோம். திருப்பரங்குன்றம் ரயில் நிலையத்துக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. ஒரே ஒரு சன்னல். அவள் உள்ளே போய்க் கதவை மூடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நானும் வீட்டுக்காரம்மாவும் வெளியே நின்றோம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு திறந்துகொண்டு வந்து, “உள்பக்கம் தாழ்ப்பா நல்லா விழுகுதுக்கா” என்றாள். தண்ணீர் வருமா, கரண்டு பில் யார் கட்டுவது என்று எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு அது போதும் போலிருக்கிறது.

பஸ்ஸில் திரும்பும்போது பழையதெல்லாம் நினைவுக்கு வந்தது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இவளை முதலில் பார்த்தபோது, கொளுத்தும் வெயிலில் சட்டைக்கு மேல் சட்டையாகப் போட்டிருந்தாள். யார் கிட்டப் போனாலும் கல்லை எடுப்பாள். எங்கள் இல்லத்துக்கு ஆட்டோ ஓட்டும் முஜிபுர் ரஹ்மான் பாய்தான், தினமும் அவள் கண்ணில் படுகிற தூரத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு வந்துவிடுவார். ஒருநாள் பார்த்தால் அவளே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தாள். பெரியாஸ்பத்திரி, மாத்திரை, எங்கள் புதுவாசல் இல்லம், அப்புறம் ஒரு மெஸ்ஸில் மாவாட்டும் வேலை. இப்போது தனக்கென்று ஓர் அறை; வெள்ளையடித்து ஆகஸ்டில் தருவார்களாம்.

இந்த ஊழியத்தில், தெருவிலிருந்து எடுத்து வந்து மறுபடி தெருவுக்கே போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இவள் போகமாட்டாள். கர்த்தருக்கு நன்றி.

17 ஜூன்

நன்றிக்கூட்டத்தில் காட்ட, அன்னக்கொடி தான் மீண்டு வந்த கதையைச் சாட்சியாகச் சொல்வதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறார் இல்லத்தை நடத்தும் தமிழ்மாறன் பாஸ்டர். அவளிடம் போய்ச் சொன்னேன். மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள் கிரைண்டரை நிறுத்தினாள்.

“மூஞ்சி தெரியாம எடுக்க முடியுமாக்கா?”

“ஏன்?”

“ஊருல அண்ணன் ஒருத்தன் இருக்கான். அவனுக்கு நான் இல்லைன்னே இருக்கட்டும்.”

சண்டையா என்று கேட்டேன். கிரைண்டரை மறுபடி போட்டுவிட்டாள்.

18 ஜூன்

பாஸ்டரிடம் சொன்னேன். “முகம் இல்லாத சாட்சியை யாரும்மா நம்புவாங்க? அவ சிரிச்சாலே போதும், அதுதான் பிரசங்கம்” என்றார். அவர் மனசில் கள்ளம் கிடையாது. இன்னும் நாலு பேரை ரோட்டிலிருந்து எடுக்க வேண்டும், அதற்கு ஜனங்கள் மனம் இளக வேண்டும் என்பதுதான் அவருடைய நினைப்பெல்லாம்.

திரும்பப் போய் அன்னக்கொடியிடம் சொன்னேன். “நீங்க சொன்னாச் சரிக்கா” என்றாள்.

நானா சொன்னேன்? பாஸ்டர் சொன்னதைச் சொன்னேன். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியாதா?

22 ஜூன்

கூட்டம் நல்லபடியாக முடிந்தது. திரையில் அவள் முகம் பெரிதாகத் தெரிந்தது. மாட்டுத்தாவணியில் எடுத்த பழைய போட்டோ ஒரு பக்கம், இப்போதைய சிரிப்பு ஒரு பக்கம். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்னக்கொடியைத் தேடினேன். சமையல்கட்டில் உட்கார்ந்து, உரித்த வெங்காயத்தையே திரும்பவும் உரித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வீடியோவை யூடியூபில் ஏற்றிவிட்டார்கள். இல்லத்தின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் கீழே ஓடுகிறது.

29 ஜூன்

ஆபீஸ் போனுக்கு ஓர் ஆண் குரல். “அன்னக்கொடின்னு ஒருத்தி அங்க இருக்காளா?” நீங்க யார் என்று கேட்டதும் வைத்துவிட்டார்.

1 ஜூலை

அதே குரல். இந்த முறை பேசவே இல்லை. மூச்சுச் சத்தத்தை வைத்து அவர்தான் என்று தெரிந்தது. அல்லது நானாக நினைத்துக்கொண்டேனா?

3 ஜூலை

எதிர் டீக்கடையில் ஒரு பைக் காலையிலிருந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஆள் டீயை ஆறவிட்டுக் குடித்தபடி எங்கள் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்னக்கொடி வேலைக்குப் புறப்பட்டாள். அவனைப் பார்த்தாளோ என்னவோ, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள். “இன்னைக்கு லீவு போட்டுக்கிறேன்க்கா, தலை வலிக்குது.”

மாடியில் துணி காயப் போட்டபோது மறுபடி பார்த்தேன். பைக் இல்லை. ஆனால் மனசு என்னவோ போலிருக்கிறது. ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். வார்த்தை ஓடவில்லை.

6 ஜூலை

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கேட்டருகே ஒரு கார். இறங்கியவர் வெள்ளை வேட்டி சட்டையில், கையில் மல்லிகைப்பூவும் ஒரு பை நிறைய மாம்பழமுமாக நின்றார். “எந்தங்கச்சி... எந்தங்கச்சி” என்று அழுதபடியே உள்ளே வந்தார். பெயர் சின்னச்சாமி, அன்னக்கொடியின் கூடப்பிறந்த அண்ணன். திருவாதவூரைத் தாண்டி ஒரு கிராமம்.

பாஸ்டர் அவரைக் கட்டிக்கொண்டார். நாங்கள் எல்லாரும் அழுதோம். நானும்தான். அன்னக்கொடி அழவில்லை. அவள் அண்ணனைப் பார்க்கவுமில்லை. அவருக்குப் பின்னால் திறந்து கிடந்த கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எம்புட்டு வருசமாத் தேடுறோம் தெரியுமா சார்? கோயில் கோயிலா, ஊர் ஊரா அலைஞ்சோம். போன்ல இவ மூஞ்சியப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

“எந்த ஸ்டேஷன்ல புகார் கொடுத்தீங்கண்ணே?” என்று கேட்டேன்.

அவர் முகம் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு சிரித்தார். “அதெல்லாம் அப்பவே குடுத்தாச்சு தாயி.”

பாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில், ‘இந்த நேரத்தில் இது எதற்கு?’ என்றிருந்தது.

அப்புறம்தான் சின்னச்சாமி அதைச் சொன்னார். “தமிழ்ச்செல்விக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருக்கு. பெத்தவ நிக்காம எப்படி நடத்துறது?”

அன்னக்கொடி அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இவளுக்கு ஒரு மகள் இருப்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

8 ஜூலை

“மக இருக்கான்னு ஏன் சொல்லல?”

“பேரச் சொன்னா அழுக நிக்காதுக்கா. அதான் சொல்லல.”

“உங்கண்ணன் நல்லவரா?”

“எங்கப்பா இருந்த வரைக்கும் நல்லவன்.”

“அப்போ போகாதே. கல்யாணத்தன்னைக்கு நானும் பாயும் கூட வாரோம். போய்ப் பாத்துட்டு உடனே திரும்பிரலாம்.”

“அம்புட்டு நாள் தாங்காதுக்கா. அது மூஞ்சி இப்ப எப்படி இருக்குன்னே எனக்குத் தெரியல.”

போகிறேன் என்கிறாள். அறையை வேறு யாருக்கும் விட வேண்டாம் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லச் சொன்னாள். திரும்பி வருவேன் என்று அவள் நினைப்பது ஒன்றுதான் ஆறுதல்.

13 ஜூலை

போய்விட்டாள்.

சின்னச்சாமியின் மனைவி முனீஸ்வரி வந்திருந்தாள். ஒல்லியான உடம்பு, தலையே நிமிரவில்லை. மாத்திரைகளைக் காட்டி, காலையில் எது, சாப்பிட்ட பிறகு எது என்று அவளிடம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள், கடைசியில் மெதுவாகக் கேட்டாள்: “இதக் குடுக்காட்டி என்னாகும்?”

“பழையபடி ஆயிருவா. யாரு என்னன்னு தெரியாது. கால் போன போக்குல போயிருவா. அதனால ஒருநாளும் விட்டுரக் கூடாதும்மா.”

அப்போது காரின் பின்னால் பையை வைத்துக்கொண்டிருந்த சின்னச்சாமி திரும்பி என்னைப் பார்த்தார். சும்மா ஒரு பார்வைதான். ஆனால் இப்போது எழுதும்போதும் என் கழுத்துக்குப் பின்னால் அந்தப் பார்வை இருக்கிறது.

பாஸ்டர் எல்லாரோடும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். முனீஸ்வரி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

14 ஜூலை

போன் செய்தேன். “வந்து சேந்துட்டோம் தாயி. நல்லாத் தூங்குது.” பகல் பதினோரு மணிக்கு. அன்னக்கொடி பகலில் தூங்குகிறவள் இல்லை.

17 ஜூலை

சுவிட்ச் ஆஃப்.

18 ஜூலை

சுவிட்ச் ஆஃப்.

20 ஜூலை

ஆராதனையில் பாஸ்டர் அந்தப் போட்டோவைத் திரையில் காட்டினார். சபை கைதட்டியது. என்னால் தட்ட முடியவில்லை. வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றேன்.

அவர் பின்னாலேயே வந்து கேட்டார். “என்ன ஹெப்சி, உடம்பு முடியலையா?”

“அவகிட்டப் பேசி ஒரு வாரமாச்சு பாஸ்டர்.”

“குடும்பத்தோட இருக்கா. நாமளே போன் போட்டுக்கிட்டே இருந்தா அவ எப்படி அங்க ஒட்டுவா?”

நியாயம்தான். அவர் சொல்வது எல்லாமே எப்போதும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ராத்திரி மறுபடி அந்த நம்பரை அடித்துப் பார்த்தேன்.

24 ஜூலை

பொறுக்க முடியவில்லை. பாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். திருவாதவூர் வரைக்கும் வயல். அதைத் தாண்டினால் வயல்களுக்கு நடுவே வரிசை வரிசையாக எல்லைக் கல் நட்டு, கலர்க் கொடி கட்டியிருக்கிறார்கள். ஆடிக் காற்றில் கொடியெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டது. வீட்டுமனை போடுகிறார்களாம்.

வீடு புது வீடு. சின்னச்சாமி வாசலிலேயே இருந்தார். சிரித்த முகத்தோடு “வாங்க வாங்க” என்றார். முனீஸ்வரி மோர் கொண்டு வந்தாள். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு உடனே உள்ளே போய்விட்டாள்.

“அன்னக்கொடி எங்கண்ணே?”

“அடடா, ரெண்டு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா? மகளப் பாக்கணும்னு ஒரே அடம். திருப்பூர்ல விட்டுட்டு வந்தோம். அங்கதான் அது பனியன் கம்பெனியில வேலை பாக்குது.”

“போன் நம்பர் குடுங்க, பேசிக்கிறேன்.”

“அது போன் தண்ணியில விழுந்துருச்சாம்.”

நான் தலையைத் திருப்பினேன். கூடத்துச் சுவரில் ஒரு சின்னச் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. இறந்தவர்கள் படத்துக்குக் கீழே போடுவார்களே, அந்த பல்பு. மேலே ஆணி இருந்தது. படம் இல்லை. படம் இருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு மங்காமல் வெள்ளையாக, சதுரமாகத் தெரிந்தது.

நான் பார்ப்பதை அவர் பார்த்தார். எழுந்து போய் பல்பை அணைத்தார். யார் படம் என்று கேட்கப் பயமாக இருந்தது.

ஊர் எல்லையைத் தாண்டியதும் பாய் ஆட்டோவை ஓரமாக நிறுத்தினார். நான் உள்ளே இருந்த நேரத்தில் அவர் பெட்டிக்கடையில் பேச்சுக் கொடுத்திருக்கிறார்.

“சிஸ்டர், நான் சொல்றதக் கேட்டுப் பதறாதீங்க. அன்னக்கொடி செத்துப் பல வருசமாச்சுன்னு சொல்றாங்க. கடைக்காரர் கருமாதிச் சோறே சாப்பிட்டிருக்காரு. அவங்கப்பா நெலத்துல பாதி இந்தம்மாவுக்காம். செத்துப்போச்சு, வேற வாரிசு இல்லைன்னு எழுதி வாங்கி, அம்புட்டையும் தன் பேருக்கு மாத்தியிருக்கான். இப்ப மனை போடுறவங்களுக்கு விக்கிறான். இன்னும் பத்திரம் முடியலையாம்.”

“அப்போ அவ உயிரோட இருக்கிறது...”

“அவனுக்கு ஆகாது சிஸ்டர்.”

வழியெல்லாம் அந்தக் கொடிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆண்டவரே, அவளை நீர் எங்கே வைத்திருக்கிறீர்?

25 ஜூலை

பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போனை எடுத்து அந்த வீடியோவை அழிக்கச் சொன்னார். “நாமதான் காட்டிக் குடுத்திருக்கோம் ஹெப்சி.” அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

எனக்கு அவரைத் திட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் அவளிடம் போய்ச் சொன்னவள் நான்தானே. மாத்திரை கொடுக்காவிட்டால் என்னாகும் என்று வாய் நிறையச் சொல்லிக் கொடுத்ததும் நான்தானே.

26 ஜூலை

பாஸ்டரும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். “மேஜர் பொம்பளை. கூடப்பிறந்த அண்ணனோட போயிருக்கு. நீங்களே போட்டோ எடுத்து அனுப்பி வச்சிருக்கீங்க. நான் என்னன்னு எழுதுறது?” என்றார் அங்கே இருந்தவர். போட்டோவில் பாஸ்டர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அதைப் பார்த்துவிட்டுப் பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. புகாரை வாங்கும்வரை அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். வாங்கினார்கள். விசாரிக்கிறோம் என்றார்கள்.

28 ஜூலை

விசாரித்தார்களாம். திருப்பூரில் இருப்பதாக அண்ணன் சொல்கிறாராம். அவ்வளவுதான்.

மாத்திரை இல்லாமல் எத்தனை நாள் ஆகியிருக்கும்? அதை நினைக்கவே கூடாது என்று பார்க்கிறேன்.

30 ஜூலை

நடந்ததை இப்போதே எழுதிவிடுகிறேன்.

காலையில் ஒரு புது நம்பரிலிருந்து போன். பெண் குரல், ரகசியமாக.

“அக்கா, நான் முனீஸ்வரி. அன்னக்கொடி தென்னந்தோப்புல மோட்டார் ரூம்ல இருக்கு. பூட்டி வச்சிருக்காக. நாளைக்கு வடக்க போற ரயில்ல ஏத்தி விடப் போறாக. இப்ப அவுக பத்திர ஆபீசுக்குப் போயிருக்காக. வாரதுன்னா இப்பவே வாங்க.”

“நீ ஏம்மா இதச் சொல்ற? உனக்கு ஒண்ணும் ஆகாதா?”

“சோறு கொண்டு போறது நான்தாங்க்கா. அது என்னையப் பாத்து, சாப்ட்டியா தாயின்னு கேக்குது.”

வைத்துவிட்டாள்.

பெண்கள் உதவி எண்ணுக்கு அடித்தோம். பாஸ்டர் ஸ்டேஷனுக்கு ஓடினார், நானும் பாயும் நேரே தோப்புக்கு. மதிய வெயில். தோப்புக்குள் ஆளே இல்லை, காற்றில் மட்டைகள் உரசும் சத்தம் மட்டும். தூரத்தில் சிமெண்டு ஷீட் போட்ட அறை. வெளிப்பக்கம் பூட்டு. பக்கத்தில் போகப் போக உள்ளேயிருந்து குரல் கேட்டது. பேசிக்கொண்டே இருந்தாள். யாரோடு? தன்னோடுதான்.

“அன்னக்கொடி! அக்கா வந்திருக்கேன்டி!”

பேச்சு நின்றது. அப்புறம் உள்ளேயிருந்து கதவில் ஏதோ வந்து மோதியது. கல்லா, கையா, தெரியவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பாய் பூட்டில் கை வைக்கவில்லை. “போலீஸ் வந்து உடைக்கட்டும் சிஸ்டர். இல்லைன்னா நாமதான் கடத்துனோம்பான்” என்றார். அந்தக் கொஞ்ச நேரம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. கதவிடுக்கில் வாயை வைத்து, அவளுக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போலீஸ் வந்தது. அதே நேரம் சின்னச்சாமியின் காரும் வந்து நின்றது. யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் பதறவே இல்லை.

“மனசு சரியில்லாத பொம்பள சார். ஓடிப் போயிரக் கூடாதேன்னு பூட்டி வச்சோம். கூடப்பிறந்தவளப் பாத்துக்கிறது தப்பா?”

“சாவிய எடுய்யா” என்றார் எஸ்.ஐ.

கதவைத் திறந்ததும் நாற்றம் அடித்தது. அவள் மூலையில் மோட்டாருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தாள். என்னைத் தெரியவில்லை. பாயைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கிளம்பும் அவசரத்தில், சத்தம் கேட்டு வந்த கூட்டத்திலிருந்து முனீஸ்வரி என் பக்கத்தில் வந்தாள். “தமிழ்ச்செல்விக்குக் கல்யாணமெல்லாம் இல்லைக்கா. அதுக்கு அம்மா உயிரோட இருக்கதே தெரியாது” என்றவள், மகளின் போன் நம்பரை வேகமாகச் சொன்னாள். நான் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் அங்கேயே நின்றாள். சின்னச்சாமி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஏன் தோன்றவில்லை?

4 ஆகஸ்ட்

பெரியாஸ்பத்திரியில் அன்னக்கொடிக்கு மறுபடி மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். தூங்குகிறாள். விழித்தால் கதவைப் பார்க்கிறாள்.

முனீஸ்வரி பேசிய நம்பருக்குப் போட்டால் மணியே அடிக்கவில்லை.

9 ஆகஸ்ட்

தமிழ்ச்செல்வி வந்தாள். போனில் நான் சொன்னதை முதலில் நம்பவில்லை. வார்டு வாசல் வரை வந்தவள் உள்ளே வராமல் நின்றாள். சிவந்த கண்கள், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை.

“கருமாதியன்னைக்கு என்னைய முன்னாடி உக்கார வச்சு எல்லாம் பண்ணுனாக. இப்ப வந்து உயிரோட இருக்குன்னா... நான் என்னன்னு கூப்பிட?”

“ஒண்ணும் கூப்பிட வேணாம். பக்கத்துல போய் உக்காரு.”

உட்கார்ந்தாள். அன்னக்கொடி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எந்த ஊரு தாயி?” என்று கேட்டாள். அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு வெளியே ஓடினாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் ஒரு சீப்பும் தேங்காயெண்ணெயும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

16 ஆகஸ்ட்

இன்று காலை தலை வாரிக்கொண்டிருந்தபோது, அன்னக்கொடி திரும்பிப் பார்க்காமலே, “செல்வி, வலிக்குதுடி” என்றாளாம்.

தமிழ்ச்செல்வி இதைப் போனில் சொல்லி முடிக்கவே வெகுநேரம் ஆனது.

2 செப்டம்பர்

தல்லாகுளம். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினோம். பத்திரத்தை நிறுத்தி வைக்க மனு. தான் உயிரோடு இருப்பதாக அன்னக்கொடியே வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். நல்ல சேலை கட்டி, பாஸ்டருக்கும் மகளுக்கும் நடுவில் நின்றாள்.

“நான்தான் சார் அன்னக்கொடி. சாகல.”

அதிகாரி நிமிர்ந்து பார்த்து, “உக்காருங்கம்மா” என்றார்.

வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் சின்னச்சாமி. கூட இரண்டு பேர், அதில் ஒருவன் கறுப்புக் கண்ணாடி. பூட்டி வைத்த கேஸில் கைதானவர் ஜாமீனில் வந்துவிட்டாராம். அவர் எங்கள் பக்கம் வந்து, அன்னக்கொடியிடம் பேசாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ரோட்டுல வண்டி நெறையப் போகுது. பாத்துப் போங்க சிஸ்டர்.”

6 செப்டம்பர்

பாய் ஆட்டோவின் மேல்துணியை யாரோ பிளேடால் கிழித்திருக்கிறார்கள். “துணிதானே சிஸ்டர், தைச்சுக்கலாம்” என்கிறார். ஆனால் தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு இப்போது தானே கொண்டுபோய் விடுகிறார்.

எதிர் டீக்கடையில் மறுபடி அந்த பைக்.

14 செப்டம்பர்

அன்னக்கொடி தன் பெட்டியைக் கட்டிவிட்டாள். திருப்பரங்குன்றம் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மகளோடு போகிறாள். எங்கே என்று கேட்டேன்.

“சொல்ல மாட்டேன்க்கா.”

நான் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

“வேலை பாத்தாச்சு. வீடும் பாத்தாச்சு. செல்வி மாத்திரையெல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிருச்சு. கேஸுக்கு வக்கீல் மூலமா வந்து நிப்போம். ஆனா எடம் மட்டும் வேணாம். உங்களுக்குத் தெரிஞ்சா பாஸ்டருக்குத் தெரியும். அப்புறம் எல்லாருக்கும் தெரிஞ்சிரும்.”

கோபமாகச் சொல்லவில்லை. தாழ்ப்பாள் நன்றாக விழுகிறது என்று சொன்னாளே, அதே மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. இவளுக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன். தலையில் பேன் எடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரித் தரையில் படுத்திருக்கிறேன். என்னிடமா?

ஆமாம், என்னிடம்தான். முகம் தெரியாமல் எடுக்க முடியுமா என்று என்னிடம்தானே கேட்டாள்.

என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். “வாரேன்க்கா.” அம்மாவும் மகளும் தெருமுனைக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்று பார்க்காமல் உள்ளே வந்துவிட்டேன்.

15 செப்டம்பர்

நடந்ததைப் பாஸ்டரிடம் சொன்னேன். “சரியாத்தான் செஞ்சிருக்கா” என்றார். இனி இல்லத்தில் யாரையும் படம் எடுப்பதில்லை என்று முடிவு.

8 அக்டோபர்

இன்று பகலில் சின்னச்சாமி வந்தார். கார் இல்லை, பைக்கில். பின்னால் முனீஸ்வரி.

முனீஸ்வரியை அடையாளமே தெரியவில்லை. இடது கையைத் துணியால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கன்றிப்போய் மஞ்சளாக ஆறிக்கொண்டிருந்தது.

“அவ எங்க?” என்றார். அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. “ஒரு கையெழுத்துத்தான் வேணும். எடத்தச் சொல்லிட்டா நாங்க பாட்டுக்குப் போயிருவோம்.”

“தெரியாது.”

“பொய் சொல்லாதீங்க. வேதக்காரவுக பொய் சொல்லக் கூடாது.”

“சத்தியமாத் தெரியாதுண்ணே. எங்ககிட்டச் சொல்லல.”

என் முகத்தை உற்றுப் பார்த்தார். நிஜம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது, அவள் எனக்கு என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று. தெரிந்திருந்தால் இந்தப் பார்வைக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றிருப்பேன்?

அவருக்குப் போன் வந்தது. யாரையோ திட்டிக்கொண்டே தெருவோரம் தள்ளிப் போனார். நான் முனீஸ்வரிக்குத் தண்ணீர் கொண்டு வந்தேன். ஒரே மூச்சில் செம்பைக் காலி செய்தாள். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, அவர் பக்கம் பார்த்துக்கொண்டே, உதடு அசையாமல் கேட்டாள்.

“இங்க வாரவுக, ரோட்டுல கெடக்கவுகளா மட்டுந்தான் இருக்கணுமாக்கா?”

“இல்லம்மா. யாரு வேணாலும் வரலாம். எந்நேரமும் வரலாம்.”

தலையாட்டினாள். அவர் வந்து பைக்கை உதைத்தார். கட்டின கையைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். போய்விட்டார்கள்.

அன்னக்கொடி படுத்திருந்த கட்டிலுக்குப் புதுசாக ஒருவரைச் சேர்ப்பதாக இருந்தது. அவருக்கு என் அறையில் இடம் போட்டுவிட்டேன். அந்தக் கட்டிலை இப்போதைக்கு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று பாஸ்டரிடம் சொன்னேன்.

யாருக்காக என்று அவர் கேட்கவில்லை.